பிரீ-அப்ரூவல் கடிதம் கையில் இருந்தால் கன்டிஞ்சென்சியை விட்டுவிடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். கணவன், மனைவி இருவரும் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். 5 லட்சம் டாலருக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது. 20 சதவீதம் டவுன் பேமென்ட் போடத் திட்டம். சொந்தச் சேமிப்பு 75,000 டாலர், இன்னொரு 40,000 டாலரை இந்தியாவிலிருந்து அப்பா அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். 6 லட்சம் வரை பிரீ-அப்ரூவல் கடிதம், அதாவது கடன் கொடுக்கத் தயார் என்று கடன் நிறுவனம் முன்கூட்டியே தரும் கடிதம், வாங்கியாகிவிட்டது. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே மூன்று பேர் ஆஃபர் போட்டிருக்கிறார்கள். "பிரீ-அப்ரூவல்தான் இருக்கிறதே, ஃபைனான்சிங் கன்டிஞ்சென்சியை எடுத்துவிட்டுப் போடுங்கள், அப்போதுதான் கிடைக்கும்" என்கிறார் ஏஜென்ட். கடன் கிடைக்காவிட்டால் டெபாசிட்டை இழக்காமல் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வழி விடும் பிரிவுதான் அது. எடுக்கலாமா, கூடாதா?

கேட்டிருப்பது ஒப்பந்தத்தில் வரும் ஒரு பிரிவைப் பற்றி. அதற்கு அடியில் இருக்கிற கேள்வி வேறு. கடன் கொடுப்பவர் எனக்கு எவ்வளவு தூரம் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதை நம்பி நான் விற்பவருக்கு எவ்வளவு தூரம் வாக்குக் கொடுக்கலாம்? இந்த இரண்டு வாக்குக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதற்குள் என்ன விழுந்தாலும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே அது எத்தனை டாலர் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். பதினைந்து வருஷமாக வீட்டுக் கடன் ஃபைல்களோடுதான் என் பிழைப்பு. பாதிக் காலம் அண்டர்ரைட்டிங்கில், அதாவது கடன் கொடுக்கலாமா என்று ஃபைலைச் சோதித்து முடிவு செய்யும் வேலையில், மீதிக் காலம் கடன் வாங்குபவர்களோடு நேரடியாக. வக்கீல் இல்லை. ஒப்பந்தத்தின் வாசகம் பற்றி நான் சொல்வதை உங்கள் மாநிலத்து வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணக் கணக்கைப் பற்றிச் சொல்வதற்கு நானே பொறுப்பு.

முதலில் அந்தக் கடிதம். "பிரீ-அப்ரூவல்" என்று தலைப்புப் போட்ட எல்லாக் கடிதமும் ஒரே எடை இல்லை. சில இடங்களில் நீங்கள் போனில் சொன்ன சம்பளத்தையும் கிரெடிட் ஸ்கோரையும் மட்டும் வைத்துப் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (வருஷச் சம்பளம், வரிக்கான சான்று), இரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கி, கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் கொடுப்பார்கள். மூன்றாவது வகைதான் உருப்படியானது: வீடு மட்டும் இன்னும் முடிவாகவில்லை, மற்ற எல்லாவற்றையும் ஓர் அண்டர்ரைட்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்கிற நிலை. உங்கள் லோன் ஆபீசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் ஃபைலை அண்டர்ரைட்டர் பார்த்தாரா, அல்லது சிஸ்டம் மட்டும் பார்த்ததா?" பதில் இழுத்தால் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் சில நாட்களில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் மூன்றாவது வகையிலும் வீடு பாக்கி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு), டைட்டில் (உரிமையில் வில்லங்கம் இல்லாமை), இன்சூரன்ஸ், காண்டோ எனும் அடுக்குமாடி வீடு என்றால் அதன் உரிமையாளர் சங்கத்தின் நிதிநிலை, இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடனை நிறுத்தக்கூடியவை. உங்கள் பக்கமும் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கடன் நிறுவனங்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேன்னி மே நிறுவனத்தின் விதிப்படி கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முந்தைய 10 வேலை நாட்களுக்குள் கடன் கொடுப்பவர் உங்கள் கம்பெனியைக் கூப்பிட்டு, "இவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?" என்று கேட்டாக வேண்டும். அந்தப் போனுக்கு ஆம் என்று பதில் வரவில்லை என்றால், கடிதத்தில் 6 லட்சம் என்று எழுதியிருந்தாலும் 60 லட்சம் என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

உங்கள் விசா விஷயத்தை இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். குடியுரிமை உள்ள ஒருவருக்கு வேலை போனால் வீட்டை இழப்பார், எர்னஸ்ட் மணியை (ஆஃபரோடு கட்டும் டெபாசிட்டை) இழப்பார், அடுத்த வேலை தேடுவார். எச்-1பியில் இருப்பவருக்கு அதோடு, புது வேலை பிடிக்க அல்லது நாட்டைவிட்டுக் கிளம்ப, 60 நாள் கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் 15,000 டாலர் டெபாசிட்டும் விற்பவரிடம் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஏஜென்ட் தப்பான ஆலோசனை சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறார், அவ்வளவுதான். ஃபைனான்சிங் கன்டிஞ்சென்சி யாருக்கு அதிகமாகத் தேவையோ அவர்களில் நீங்களும் உண்டு.

சரி, "கன்டிஞ்சென்சி" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் குறைந்தது இரண்டு சங்கதி இருக்கிறது. கடனே கிடைக்காமல் போனால் வெளியே வர ஒரு வாசல். வீட்டின் மதிப்பு விலையைவிடக் குறைவாக வந்தால் வெளியே வர இன்னொரு வாசல். ஏஜென்ட் எடுத்துவிடச் சொன்னது முதலாவதையா, இரண்டாவதையா, இரண்டையுமா? இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் ஃபைனான்சிங்குக்கென்று தனி இணைப்புப் படிவம் உண்டு. அதில் வாங்குபவரின் தகுதிக்கு ஒரு நாள் கணக்கு, சொத்தின் தகுதிக்கு வேறு கணக்கு. முதலாவது கெடு முடிந்த பிறகும் வீட்டின் அப்ரைசலைக் கடன் கொடுப்பவர் ஏற்கவில்லை என்றால் வெளியேற வழி இருக்கும். கலிஃபோர்னியாவில் வழக்கமாகப் பயன்படும் படிவத்தில் கடனும் அப்ரைசலும் தனித்தனி வரிகள். வாங்குபவர் எழுத்தில் நீக்கினால்தான் கன்டிஞ்சென்சி நீங்கும். தானாகக் காலாவதி ஆகாது. அங்கே நீங்களே குடியிருக்க வாங்கும் வீடு என்றால், இழப்பீட்டுப் பிரிவில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கும் பட்சத்தில், விற்பவர் வைத்துக்கொள்ளும் தொகைக்குப் பொதுவாக விலையில் 3 சதவீதம்தான் வரம்பு. நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தம் என்றால், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகும் 3 வேலை நாள் வக்கீல் பரிசீலனைக்கு உண்டு. நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. அதனால் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஏஜென்ட்டிடம் "எந்தப் பாரா, எந்தத் தேதி?" என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். உங்களிடம் 75,000, அப்பாவிடமிருந்து 40,000, ஆக 1,15,000 டாலர். டவுன் பேமென்ட் 1,00,000. குளோசிங் செலவு, அதாவது வீட்டைப் பெயர் மாற்றி வாங்கி முடிக்கும் செலவு, பொதுவாக விலையில் 2 முதல் 5 சதவீதம் வரை வரும். 15,000 என்று வைத்துக்கொண்டால் சரியாக 1,15,000. கடைசி டாலர்வரை துடைத்து எடுத்தாகிவிட்டது. முன்கூட்டியே கட்ட வேண்டிய சொத்து வரி, ஒரு வருஷ இன்சூரன்ஸ் பிரீமியம் இதெல்லாம் அந்த 15,000-க்குள் அடங்குமா என்பதே சந்தேகம். ஆஃபரோடு கொடுக்கும் எர்னஸ்ட் மணி தனிச் செலவு இல்லை, கடைசியில் டவுன் பேமென்ட்டில் கழிந்துவிடும். ஆனால் முதல் நாளிலேயே உங்கள் கணக்கில் ரொக்கமாக இருக்க வேண்டும், அப்பாவின் பணம் வரும்வரை காத்திருக்க முடியாது.

இந்த நிலையில் அப்ரைசல் 4,80,000 என்று வந்தால் என்ன ஆகும்? பலர் "20,000 குறைகிறது, 20,000 கையிலிருந்து போட வேண்டும்" என்று நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. கடன் கொடுப்பவர் விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் 80 சதவீதம் கணக்கிடுவார். 4,80,000-இல் 80 சதவீதம் 3,84,000. விற்பவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 5,00,000. ஆகக் கையிலிருந்து 1,16,000. முன்பு 1,00,000 போதும் என்று இருந்தது, இப்போது 16,000 கூடுதல். உங்களிடம் அது இல்லை. குளோசிங்குக்கு வைத்த 15,000-ஐத் தொட்டால் குளோசிங் நடக்காது.

எல்லா வழியும் மூடிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். 4,00,000 கடனையே கேட்டு வாங்கலாம். மதிப்போடு ஒப்பிட்டால் அது 83 சதவீதத்துக்குச் சற்று மேல். 80-ஐத் தாண்டியதால் பிஎம்ஐ என்கிற கடன் காப்பீடு மாதாமாதம் சேரும், அண்டர்ரைட்டர் மறுபடி எல்லாக் கணக்கையும் ஓட்டிப் பார்ப்பார். எவ்வளவு சேரும் என்பது உங்கள் கிரெடிட் ஸ்கோரைப் பொறுத்தது, அதை லோன் ஆபீசரிடம் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்த சட்டப்படி, கடன் பாக்கி ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் பிஎம்ஐயை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், 78-ஐ எட்டும் நாளில் தவணை பாக்கி இல்லாமல் இருந்தால் தானாகவே எடுத்தாக வேண்டும். இங்கே ஆரம்ப மதிப்பு என்பது அந்தக் குறைந்த 4,80,000. எனவே பாக்கி 3,84,000-க்கு வரும்வரை கட்ட வேண்டும். 6.5 சதவீத வட்டியில் 30 வருஷக் கடன் என்றால், வழக்கமான தவணையில் அதற்கு மூன்று வருஷத்துக்கு மேலாகும்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? டவுன் பேமென்ட் குறையக் குறைய இந்த அடி பலமாக விழும். இதே வீட்டை 5 சதவீதம் போட்டு வாங்குபவருக்கு 25,000 இருந்தால் போதும் என்றிருந்தது, அப்ரைசல் 4,80,000 ஆனதும் 44,000 ஆகிவிடும். கிட்டத்தட்ட இரட்டிப்பு. 20 சதவீதம் போடும் உங்களுக்காவது பிஎம்ஐ என்கிற பின்வாசல் இருக்கிறது.

இதனால்தான் "அப்ரைசல் கன்டிஞ்சென்சியே வேண்டாம்" என்று ஒரேயடியாக விட்டுவிடுவதைவிட, ஒரு வரம்பு போட்டு எழுதுவது எனக்குப் பிடிக்கும். "மதிப்பு குறைவாக வந்தால் விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் 10,000 டாலர் வரை வாங்குபவர் ஏற்பார், அதற்கு மேல் போனால் வெளியேறலாம்" என்று ஒரு வாசகம். லிஸ்டிங் ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது விற்பவரின் ஏஜென்ட்டுகளுக்கு, இது பழக்கமானதுதான். நல்ல ஏஜென்ட்டாக இருந்தால் விற்பவருக்கு எடுத்துச் சொல்லிவிடுவார். அந்த 10,000 உங்களிடம் உண்மையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். சில சமயம் ஃபேன்னி மேயின் சிஸ்டம் அப்ரைசலே தேவையில்லை என்று சொல்லிவிடும். அது கிடைத்தால் யோகம். கிடைக்கும் என்று நம்பி ஆஃபர் எழுதக் கூடாது.

அடுத்து அப்பாவின் 40,000. உங்கள் கேள்வியில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் அனுபவத்தில் நம் ஆட்களின் ஃபைல்கள் நிற்கிற இடம் இதுதான். பெற்றோர் கொடுக்கும் அன்பளிப்பு டவுன் பேமென்ட்டுக்கு ஏற்கப்படும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது திருப்பித் தர வேண்டிய பணம் இல்லை என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், பணம் வந்து சேர்ந்ததற்கான தடயம் வேண்டும். அவர் கணக்கிலிருந்து கிளம்பியதற்கு ஒரு காகிதத்தையும் சில கடன் நிறுவனங்கள் கேட்கும். ஆங்கிலம் அல்லாத காகிதம் என்றால் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். இந்தியப் பக்கம் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் 40,000 பிரச்சினை இல்லை. பிரச்சினை டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி. 2025 ஏப்ரல் 1 முதல், அன்பளிப்பாக அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும். 40,000 டாலர் என்றால் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆக அப்பா அந்தப் பணத்துக்கு மேல் இன்னும் 4 லட்சம் ரூபாயாவது கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். அது வருமான வரிக் கணக்கில் கழியும் அல்லது திரும்பி வரும், நஷ்டம் இல்லை. ஆனால் அனுப்பும் அன்று கையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் சொந்தக் கணக்கில் சொந்தப் பணம் இருந்தால் அவருக்கும் தனியாக அந்த 10 லட்சம் வரம்பு உண்டு. அப்போது இரண்டு அன்பளிப்புக் கடிதம், இரண்டு தடயம். அமெரிக்க வரி விஷயத்தில், வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருஷத்தில் மொத்தம் 1 லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால்தான் 3520 என்ற படிவம் போட வேண்டும். உங்களுக்கு இது மட்டும்தான் என்றால் அந்த வேலை இல்லை.

கைமாற்று பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. நல்ல சம்பளம், நல்ல ஸ்கோர், எல்லாம் சுத்தம். ஸ்டேட்மென்ட்டில் மட்டும் ஒரே நாளில் நான்கு வரவு, ஒவ்வொன்றும் 8,000 டாலர், நான்கு வெவ்வேறு பெயர்களில். கேட்டால் "ஃப்ரெண்ட்ஸ் சார், ஆறு மாசத்துல திருப்பிக் கொடுத்துடுவேன்" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். நம்மிடையே இது சாதாரணம். அண்டர்ரைட்டிங்கில் இதற்குப் பெயர் அடமானம் இல்லாத கடன், டவுன் பேமென்ட்டுக்கு ஏற்க முடியாது. நண்பர்கள் கொடுத்ததை அன்பளிப்பு என்று மாற்றி எழுதவும் முடியாது. உறவினரோ, உறவினர் போலவே நெருங்கியவர் என்று விதி ஏற்கும் சிலரோதான் கொடுக்கலாம். திருப்பித் தரப்போகும் பணத்தை அன்பளிப்பு என்று கையெழுத்திடுவது பொய்ச் சான்று. அந்த 32,000-ஐக் கழித்துப் பார்த்தபோது பணம் போதவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் கன்டிஞ்சென்சி இருந்தது, டெபாசிட் திரும்பி வந்தது, வீடு போய்விட்டது. வழக்கமான கடன்களில், மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேற்பட்ட எந்த ஒற்றை வரவுக்கும், அதை நம்பித்தான் வீடு வாங்குகிறீர்கள் என்றால், மூலம் காட்ட வேண்டும். கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை இன்றே ஒரு தடவை அண்டர்ரைட்டர் கண்ணோடு பாருங்கள். சம்பளம் அல்லாத வரவு எதுவாக இருந்தாலும் அதன் கதைக்கு ஒரு காகிதம் தேடி வையுங்கள்.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025 மே 25 முதல், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு எஃப்எச்ஏ கடன் (குறைந்த டவுன் பேமென்ட்டில் அரசு காப்பீட்டோடு கிடைப்பது) கிடையாது. உங்கள் 20 சதவீதத் திட்டத்துக்கு இது நேரடியாகத் தொல்லை இல்லை. ஆனால் "ஒன்றும் நடக்கவில்லை என்றால் 3.5 சதவீதம் போட்டு எஃப்எச்ஏவில் வாங்கிக்கொள்ளலாம்" என்று பழைய நண்பர் யாராவது சொன்னால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. ஃபேன்னி மே வகைக் கடன்கள் சட்டப்படி இங்கே இருப்பவர்களுக்குக் கிடைக்கின்றன. விசா முடிய எத்தனை மாதம் இருக்க வேண்டும், புதுப்பிப்பு நிலுவையில் இருந்தால் ஏற்பார்களா என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கட்டுப்பாட்டைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் கடிதம் கொடுத்தவர் ஐ-797-ஐ (விசா ஒப்புதல் அறிவிப்பை) கேட்டு வாங்கினாரா? வாங்கவில்லை என்றால் அந்தக் கேள்வி ஒப்பந்தம் போட்ட பிறகு வரும், அது மோசமான நேரம்.

மாதத் தவணையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே போட்டுப் பார்த்திருப்பீர்கள். 4 லட்சத்துக்கு 30 வருஷம், 6.5 சதவீதத்தில் 2,528 டாலர். 7 ஆனால் 2,661. ஆனால் சொத்து வரியை லிஸ்டிங்கில் போட்டிருக்கும் எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள். அது இப்போதைய உரிமையாளர் கட்டுவது. கலிஃபோர்னியாவில் 1978-இன் 13-ஆம் முன்மொழிவு என்கிற சொத்து வரிக் கட்டுப்பாட்டுச் சட்டம் காரணமாகப் பல காலம் குடியிருப்பவரின் வரி அடிமட்டத்தில் இருக்கும். விற்றதும் புது விலைக்கு ஏற்ப ஏறும், நடுவில் ஒரு கூடுதல் பில்லும் வரும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் முதல் வருஷம் வெறும் நிலத்துக்கு மட்டும் வரி போட்டிருப்பார்கள், அடுத்த வருஷம், வரிக்கும் இன்சூரன்ஸுக்குமாகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழும். இன்சூரன்ஸுக்கு ஆஃபர் போடுவதற்கு முன்பே ஒரு விலை கேட்டுவிடுங்கள். புயல், காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில் தவணையே தாங்காத அளவுக்கு அது ஏறியிருக்கிறது.

6 லட்சத்துக்குக் கடிதம் இருக்கிறது என்றீர்கள். அதை அப்படியே ஆஃபரோடு இணைக்க வேண்டாம். ஆஃபர் விலை எதுவோ அந்த எண்ணுக்கே ஒரு கடிதம் கேளுங்கள், ஐந்து நிமிஷ வேலை. 5 லட்சம் ஆஃபரோடு 6 லட்சம் கடிதத்தைக் கொடுத்தால், இன்னும் ஏறக்கூடியவர் என்று நீங்களே விற்பவருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி.

தேதிகளிலும் பணம் இருக்கிறது. குளோசிங் தேதி எழுதும்போது ரேட் லாக்கை (வட்டி விகிதத்தை இத்தனை நாளுக்கு என்று பூட்டி வைப்பதை) நினைத்து எழுதுங்கள். 30 நாள் லாக் எடுத்துவிட்டு 40-ஆம் நாள் குளோசிங் என்றால் நீட்டிப்புக்குக் கட்டணம். இன்னொரு பக்கம், இறுதிக் கணக்குத் தாள் உங்கள் கைக்கு வந்து 3 வேலை நாள் கழித்துத்தான் கையெழுத்திட முடியும், இது சட்டம். ஆகவே கடன் வைத்து வாங்குபவர் ரொக்கக்காரரைப் போல ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கன்டிஞ்சென்சிக்கு எத்தனை நாள் எழுதலாம் என்பதையும் ஏஜென்ட் சொல்ல வேண்டாம், கடன் கொடுப்பவர் சொல்லட்டும். அண்டர்ரைட்டர் ஏற்கெனவே பார்த்த ஃபைல் என்றால் 14 நாளில் முடித்துவிடுவேன் என்று சிலர் தைரியமாகச் சொல்வார்கள். இன்னும் இரண்டு இடத்தில் வட்டி விசாரிக்கலாம். வீட்டுக் கடனுக்காகக் குறுகிய காலத்தில் பலர் கிரெடிட்டைப் பார்த்தால் ஒரே விசாரணையாகத்தான் ஸ்கோர் கணக்கில் வரும். புது முறைகளில் 45 நாள், பழையவற்றில் 14 நாள். 14-க்குள் முடித்துவிட்டால் எந்த முறையானாலும் கவலை இல்லை.

விற்பவரிடம் குளோசிங் செலவுக்குப் பணம் கேட்கலாமா என்றால், விதி இடம் கொடுக்கிறது. 20 சதவீதம் போட்டுத் தாமே குடியிருக்க வாங்குபவருக்கு, விற்பவர் 6 சதவீதம் வரை கொடுக்கலாம், டவுன் பேமென்ட்டுக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் மூன்று ஆஃபர் இருக்கும் வீட்டில் அதைக் கேட்பது உங்கள் ஆஃபரை நீங்களே பின்னுக்குத் தள்ளுவது. ஒரே விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் ஏஜென்ட்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். அதில் அவருக்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். விற்பவர் அதைத் தரவில்லை என்றால் உங்கள் தலையில். 2.5 சதவீதம் என்றால் 12,500 டாலர், உங்கள் 1,15,000-இல் அதற்கு இடமே இல்லை. ஆஃபரில் விற்பவர் தருவதாக எழுதுகிறீர்களா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இத்தனையும் சேர்த்து என் அபிப்பிராயம். சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது: உங்கள் பணக் கணக்கில் மிச்சம் பூஜ்யம், பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் கடல் தாண்டவில்லை, இருவர் சம்பளமும் விசாவில் தொங்குகிறது. இந்த மூன்றும் இருக்கும்போது ஃபைனான்சிங் கன்டிஞ்சென்சியை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். சந்தேகத்துக்குரியது: அதை வைத்திருந்தால் வீடு கைநழுவுமா என்பது. மற்ற மூன்று ஆஃபர் எப்படி என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ரொக்கக்காரர் ஒருவர் இருந்தால் நீங்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் அவரை முந்துவது கஷ்டம். எல்லோருமே கடன்காரர்கள் என்றால், விற்பவர் பார்ப்பது யாருடைய கடன் நிச்சயம் என்பதைத்தான்.

நானாக இருந்தால் ஆஃபரை இப்படி எழுதுவேன். ஃபைனான்சிங் கன்டிஞ்சென்சி இருக்கும், ஆனால் 14 நாளுக்கு, அதுவும் லோன் ஆபீசர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு. அப்ரைசலுக்கு 10,000 வரை ஏற்கும் வாசகம், அந்த 10,000-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதைக் குறித்து வைத்த பிறகு. டவுன் பேமென்ட்டை 17 அல்லது 18 சதவீதமாகக் குறைத்து, பிஎம்ஐயோடே ஆரம்பத்திலிருந்து அப்ரூவல் வாங்கி வைப்பது அதற்கு ஒரு வழி. 10,000 முதல் 15,000 வரை ரொக்கம் மிஞ்சும். எர்னஸ்ட் மணி 3 சதவீதம், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து. குளோசிங் தேதி விற்பவருக்கு எது வசதியோ அது. அப்புறம், ஆஃபர் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் உங்கள் லோன் ஆபீசர் லிஸ்டிங் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "ஃபைலை அண்டர்ரைட்டர் பார்த்தாகிவிட்டது, வீடு மட்டும்தான் பாக்கி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு போனுக்காகவே பல ஆஃபர்கள் ஜெயித்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன் செய்ய அவர் தயங்கினால், அவர் கொடுத்த கடிதத்தை அவரே எவ்வளவு நம்புகிறார் என்று தெரிந்துவிடும்.

அப்பாவிடம் இன்றே பேசிவிடுங்கள். டிசிஎஸ் தொகையோடு சேர்த்து அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வங்கிக்கு எந்தப் படிவம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கிளம்பும் தேதி தெரிந்தால்தான் கன்டிஞ்சென்சிக்கு 14 நாள் எழுதலாமா, 21 நாள் எழுதலாமா என்று முடிவு செய்ய முடியும்.